சார்ஜர் போட்டால் சூடு, சார்ஜ் மட்டும் ஏறவில்லை: மதர்போர்டுதானா?

2024 மார்ச் 11 (பல்லடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது)

"அண்ணா, 2018இல் வாங்கிய லேப்டாப். ரெண்டு மாசமாகத் தோசைக்கல் மாதிரி சுடுகிறது. பேட்டரி 41 சதவீதத்திலேயே நிற்கிறது, பிளக் செய்தும் சார்ஜ் ஆகவில்லை என்று காட்டுகிறது. சில நாள் தானாக ஏறும், மறுநாள் ஏறாது. கடையில் கொடுத்தேன், கையில் வாங்கிப் பார்த்ததுமே மதர்போர்டு போச்சு, 8500 ஆகும் என்கிறார். சூட்டினால்தான் சார்ஜ் ஏறவில்லை என்று நான் நினைக்கிறேன். ரெண்டும் ஒரே பிரச்சினைதானே? பேட்டரி மாற்றினால் ரெண்டும் சரியாகிவிடுமா?"

மார்ச் 11, இரவு

திறந்துகூடப் பார்க்காமல் மதர்போர்டு போச்சு என்கிறவருக்கு 8500 ரூபாய் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

தம்பி, இது ரெண்டு நோய். ஒரே ஆளுக்குச் சளியும் பிடித்து, காலும் சுளுக்கிக்கொண்ட மாதிரி. சூடு ஏறினால் சார்ஜ் நிற்கும் என்பதில் உண்மை இருக்கிறது. லித்தியம் அயான் செல்லைப் பொதுவாக 0 முதல் 45 டிகிரிக்குள்தான் சார்ஜ் செய்வார்கள், அதைத் தாண்டினால் பேட்டரிக்குள் இருக்கும் குட்டி போர்டே கதவைச் சாத்திவிடும். ஆனால் அந்த 45 பேட்டரியின் சூடு. பிராசஸர் 90 டிகிரியில் கொதிக்கும்போதுகூட, அரையடி தள்ளி, உள்ளங்கை வைக்கிற இடத்துக்கு அடியில் படுத்திருக்கும் பேட்டரி 38, 40 என்று சும்மா இருக்கும். அதனால் சூட்டுக்கு ஃபேனைத் திறந்து சுத்தம் செய்யுங்கள், சார்ஜுக்குப் பேட்டரியின் வயசைப் பாருங்கள். ரெண்டையும் குழப்ப வேண்டாம்.

நாளைக்கு என் கதையை எழுதுகிறேன். உங்களுக்கான விடை அதிலேயே இருக்கும்.

மார்ச் 12

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவன். என் டேபிள் கட்டிங்குக்கும் செக்கிங்குக்கும் நடுவில் கிடக்கிறது. காலை பத்து மணிக்கு ஜன்னல் வெயில் உள்ளே விழும்போது பார்த்தால் காற்றில் பஞ்சு மிதப்பது தெரியும். அதைத்தான் நாங்களும் சுவாசிக்கிறோம், லேப்டாப்பும் சுவாசிக்கிறது.

2022 கோடையில் என் லேப்டாப் 97, 98 டிகிரி காட்ட ஆரம்பித்தது. ஃபேன் சத்தம் ஓவர்லாக் மிஷினுக்குப் போட்டி. நிறைய பிராசஸர்களுக்கு 100 டிகிரிதான் எல்லை, அதைத் தொடும்போது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்வாய்ஸ் அடித்துக்கொண்டிருக்கும்போது எழுத்து மூன்று வினாடி கழித்து வரும், நான் திரையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருப்பேன்.

கீழ் மூடியில் 11 ஸ்க்ரூ. அதில் ரெண்டு ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தன, அது தெரியாமல் இழுத்து ஒரு கொக்கியை உடைத்தேன். உள்ளே பார்த்தால் ஃபேன் இறக்கை சுத்தமாகத்தான் இருந்தது. ஏமாந்து மூடப் போனேன். பக்கத்தில் நின்ற கட்டிங் மாஸ்டர்தான் "ஏனுங், அந்தத் தகர மூடியையும் கழட்டிப் பார்த்துப்போடுங்" என்றார். ஃபேன் மூடியைக் கழற்றினேன். ஃபேனுக்கும், காற்று வெளியே போகும் செம்புச் சீப்புக்கும் நடுவில் ஒரு பட்டை. தூசி என்று அதைச் சொல்ல முடியாது, அது துணி. ட்வீசரில் பிடித்து இழுத்தால் கிழியாமல் முழுசாக வந்தது, விரல் நீளம், உள்ளே போடுகிற ஃப்ளீஸ் மாதிரி மெத்தென்று. குறுக்கே பார்த்தால் அடுக்கு அடுக்காகக் கலர். அடியில் நேவி, அதன் மேல் ரோஸ், அதன் மேல் சாம்பல் மெலஞ்ச். அந்த வருஷம் எங்கள் கம்பெனியில் ஓடிய ஆர்டர்கள் தேதி வரிசையில் உட்கார்ந்திருந்தன. மாஸ்டர் அதைக் கையில் வாங்கி, "இந்த ரோஸு தீபாவளிக்கு முன்னால ஓடுனதுங்" என்றார்.

எடுத்த பிறகு அதே வேலைக்கு 72 டிகிரி. வேறு எதுவும் செய்யவில்லை.

ஆகவே தம்பி, திறங்கள். ஃபேனை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள், சீப்பைப் பாருங்கள்.

மார்ச் 12, கொஞ்ச நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போச்சு. கம்பெனியில் கம்ப்ரசர் இருக்கிறதே என்று ஏர் கன்னை வைத்து ஒரு அடி அடிக்காதீர்கள். நான் அடித்தேன். ஃபேன் பம்பரம் மாதிரி சுற்றியது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது, மறுநாளிலிருந்து "கர்ர்" என்று ஒரு சத்தம். பேரிங் போயிற்று. புது ஃபேன் 900 ரூபாய். ஊதும்போது இறக்கையைப் பல் குத்தும் குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். பெயின்ட் பிரஷ் போதும், அவசரமில்லை. திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரி வயரைப் பிடுங்கிவிட வேண்டும். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

மார்ச் 15

பேஸ்ட் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பிராசஸருக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே இருக்கிற அந்தச் சாம்பல் நிறப் பசை நாலைந்து வருஷத்தில் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். பழசைத் துடைத்துவிட்டு ஒரு துவரம்பருப்பு அளவு வைத்தால் போதும். இட்லி மாவு ஊற்றுகிற மாதிரி ஊற்ற வேண்டாம். பற்பசை வைக்கலாமா என்று கேட்ட அவிநாசிக்காரருக்கு: வைக்கலாம், ஒரு வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் தண்ணீர் வற்றி முன்பைவிட மோசமாகும்.

துடைக்க மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட் போதும்.

மார்ச் 16

போதாது. அதில் தண்ணீரும் வேறு சங்கதிகளும் கலந்திருக்கும், காய்ந்த பிறகு படலம் விடும். செல்போன் சர்வீஸ்காரர்கள் வைத்திருக்கிற 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான் சரி. ஒரு மூடி அளவு கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.

இன்னொரு திருத்தம், இது எனக்கு நானே சொல்லிக்கொள்வது. பேஸ்ட் மாற்றிய முதல் தடவை எனக்கு 72 இருந்தது 84 ஆனது. பேஸ்ட்தான் போலி என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். காரணம் வேறு. செம்புத் தகட்டின் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று குத்தியிருக்கும். நான் அதைப் பார்க்காமல் ஒரு மூலையை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்த மூலைக்குப் போனேன். தகடு ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. கார் டயர் மாற்றுகிற மாதிரி எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும்.

மார்ச் 18

பல்லடம் தம்பி திறந்து பார்த்துவிட்டார். "கொஞ்சம்தான் தூசி இருந்துச்சுங்கண்ணா, துடைச்சுட்டேன், சூடு அப்படியேதான் இருக்குது" என்கிறார். சூட்டை அளக்கிற மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் வேலை செய்யும்போது 58 டிகிரியாம்.

58 இருக்காது தம்பி. மென்பொருள் தப்பாகக் காட்டும், வேறொன்றைப் போட்டுப் பாருங்கள். பேஸ்ட்டும் மாற்றிவிடுங்கள்.

மார்ச் 23

சார்ஜ் பக்கத்துக்கு வருவோம். விண்டோஸில் தேடும் பெட்டியில் சிஎம்டி என்று அடித்தால் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, கோட்டை ஒட்டி பேட்டரிரிப்போர்ட் என்று அடியுங்கள். (எல்லாம் ஆங்கில எழுத்தில். தமிழில் அடித்துவிட்டு வரவில்லை என்று ஒருவர் எனக்குப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார், அதனால் சொல்கிறேன்.) ஒரு கோப்பு உருவாகும். அதில் ரெண்டே ரெண்டு எண் முக்கியம்: வாங்கும்போது பேட்டரிக்கு இருந்த கொள்ளளவு, இப்போது முழுசாக ஏற்றினால் கொள்ளும் அளவு.

தம்பி அனுப்பியது: அன்று 42,000 மில்லிவாட்-மணி, இன்று 19,320. அதாவது 46 சதவீதம். குடம் பாதிக்கு மேல் சேறு கட்டிப்போன மாதிரி. ஆறு வருஷப் பேட்டரிக்கு இது நியாயமான சாவு. மாற்றலாம் தம்பி.

மார்ச் 24

ஈரோட்டிலிருந்து ஓர் அண்ணன் எழுதுகிறார், மாசம் ஒரு தடவை பூஜ்யம் வரைக்கும் இறக்கிவிட்டு நூறு வரைக்கும் ஏற்றினால் பேட்டரி புதுசு மாதிரி ஆகிவிடும் என்று. அண்ணா, கோபித்துக்கொள்ளக் கூடாது. அது நிக்கல் கேட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம், அதற்குத்தான் ஞாபகப் பிரச்சினை (பாதியிலேயே ஏற்றிக்கொண்டிருந்தால் அந்தப் பாதியையே முழுசு என்று பழகிக்கொள்ளும்). லித்தியத்துக்கு அது கிடையாது, பூஜ்யம் வரை இறக்குவது அதற்குத் தண்டனை. சதவீதக் கணக்கு தாறுமாறாகக் காட்டினால் எப்போதாவது ஒரு தடவை இறக்கி ஏற்றினால் கணக்கு நேராகும், அவ்வளவுதான். செல் இளமையாகாது.

2011இல் அரசாங்கம் மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்ததே, அப்போதெல்லாம் பேட்டரியைப் பின்னால் ஒரு கொக்கியைத் தள்ளினால் கழற்றிவிடலாம். சந்தேகம் வந்தால் கழற்றிவிட்டுச் சார்ஜரில் ஓட்டிப் பார்ப்போம், பேட்டரியா போர்டா என்று ரெண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். இன்றைக்கு அதற்கும் 11 ஸ்க்ரூ.

ஏப்ரல் 2

இது தலைப்புக்குச் சம்பந்தம் இல்லை, ஆனால் கேட்டவர்கள் நிறைய. சார்ஜர் போட்டிருக்கும்போது லேப்டாப் மேல் கையை மெதுவாகத் தேய்த்தால் ஜிவ்வென்று ஒரு நடுக்கம், சில பேருக்கு டச்பேடில் அம்புக்குறி தானாகத் துள்ளுகிறது. பேய் இல்லை. எர்த் இல்லை. அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்டும் கபாசிட்டர்கள் வழியாகத் துளியூண்டு கரன்ட் இந்தப் பக்கம் கசியும். அது மூன்றாவது பின் வழியாக எர்த்துக்குப் போக வேண்டும். நம் ஊரில் பாதிப் பேர் ரெண்டு பின் கன்வர்ட்டரில் மாட்டுகிறோம், அல்லது மூன்றாவது ஓட்டை சுவரோடு நிற்கிறது, உள்ளே வயரே இல்லை. அப்போது அந்தக் கரன்ட் உங்கள் கை வழியாகப் போகப் பார்க்கும். லைன் டெஸ்டரை லேப்டாப்பின் உலோக உடம்பில் வைத்தால் மங்கலாக எரியும். இதனால் ஆள் சாக மாட்டான், ஆனால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது நல்லது. என் வாடகை வீட்டில் கூப்பிட்டேன். "எர்த் இருக்குதுங், பெட்டிக்குத்தான் வந்து சேரலை" என்றார்.

ஏப்ரல் 10

பல்லடம் தம்பி 1650 ரூபாய் கொடுத்துப் புதுப் பேட்டரி போட்டுவிட்டார். சார்ஜ் ஏறவில்லை. வரும்போதே அதில் 55 சதவீதம் இருந்ததாம், அது இறங்கிக்கொண்டே வருகிறதாம். கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்.

மேலே போய்ப் படித்துப் பார்த்தேன். 23ஆம் தேதி "மாற்றலாம் தம்பி" என்று நான்தான் எழுதியிருக்கிறேன். பேட்டரி கிழம் என்பது சரி. ஆனால் கிழப் பேட்டரி சார்ஜ் வாங்கும், வாங்கிச் சீக்கிரம் இறக்கிவிடும். அவர் சொன்னது வாங்கவே இல்லை என்று, அதுவும் ஒரு நாள் வாங்கி ஒரு நாள் வாங்கவில்லை என்று. கிழவன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிழவனாக இருப்பானா? இதை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். 1650 என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் தம்பி, திருப்பூர் வரும்போது ரெண்டு டீ-ஷர்ட் எடுத்து வைக்கிறேன்.

ஏப்ரல் 11

நேற்று ராத்திரி தம்பி ஒரு வரி எழுதியிருந்தார், காலையில்தான் பார்த்தேன். "அண்ணா, ஒண்ணு கவனிச்சேன், சார்ஜர் போட்டா ஸ்லோ ஆயிருது, பிடுங்குனா ஸ்பீடா ஓடுது." பழைய பேட்டரி பத்து நிமிஷத்தில் செத்துவிடும் என்பதால் அவர் இத்தனை நாள் சார்ஜரைப் பிடுங்கியதே இல்லை. புதுப் பேட்டரி வந்ததால்தான் இது தெரிந்தது. ஆக அந்த 1650 முழு நஷ்டம் இல்லை. (சரி, இது என் மனச்சமாதானம்.)

தம்பி, ரெண்டு கேள்வி. பதில் வந்த பிறகு எழுதுகிறேன். ஒன்று, லேப்டாப்பை ஆன் செய்யும்போது ஆங்கிலத்தில் ஏதாவது எச்சரிக்கை வருகிறதா? ரெண்டு, சுடுகிறது சுடுகிறது என்கிறீர்களே, எந்த இடம்?

ஏப்ரல் 12

பதில் வந்தது. எச்சரிக்கை வருகிறதாம். ரெண்டு மாசமாக வருகிறதாம். "அது ஏதோ அடாப்டர்னு போட்டிருக்கும்ங்கண்ணா, நான் ஒரு பட்டனைத் தட்டிட்டுப் போயிருவேன்." சுடுகிற இடம்: இடது பக்க ஓரம், சார்ஜர் குத்துகிற மூலை. விசைப்பலகை இல்லை, அடிப்பக்கம் இல்லை. மூலை மட்டும்.

நான் ஒரு மாசம் என் பஞ்சுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் 58 டிகிரி என்று அளந்து சொன்னார், மென்பொருள் தப்பு என்றேன். தூசி கொஞ்சம்தான் என்றார், பேஸ்ட் மாற்று என்றேன். எங்கே சுடுகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது விஷயம். இவருடையது மாதிரி சில லேப்டாப்களில் சார்ஜர் முனையை நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளியே ஒரு உலோக வளையம், உள்ளே ஒரு வளையம், நட்டநடுவில் ஊசி மாதிரி மெல்லிய பின். வளையங்கள் ரெண்டும் 19.5 வோல்ட் கரன்ட்டுக்கு. ஊசி கரன்ட்டுக்கு இல்லை, பேச்சுக்கு. அடாப்டருக்குள் ஒரு பொடி சிப் உட்கார்ந்து "நான் 65 வாட்" என்று அந்த ஊசி வழியாக லேப்டாப்புக்குச் சொல்லும். அந்தக் குரல் கேட்கவில்லை என்றால் லேப்டாப்புக்குப் பயம் வந்துவிடும், யாரோ தெரியாத அடாப்டர், எவ்வளவு தாங்குமோ என்று. உடனே ரெண்டு காரியம் செய்யும். பேட்டரிக்குச் சார்ஜ் கொடுப்பதை நிறுத்தும். பிராசஸரை 0.8 ஜிகாஹெர்ட்ஸ் மாதிரி ஒரு வேகத்தில் கட்டிப்போடும். சார்ஜரைப் பிடுங்கினால் கட்டு அவிழ்ந்துவிடும். தம்பி சொன்ன மூன்றும் இதுதான். கட்டிப்போட்ட பிராசஸர் எப்படி 90 டிகிரி போகும்? 58தான் காட்டும். மென்பொருள் சரி, நான் தப்பு.

அப்படியானால் மூலை ஏன் சுடுகிறது? ஜாக், அதாவது லேப்டாப்பில் சார்ஜர் முனை போய் உட்காரும் குழி, தளர்ந்திருக்கிறது. தளர்ந்த இடத்தில் உலோகமும் உலோகமும் முழுசாக ஒட்டாது, அங்கே தடை ஏறும். அரை ஓம் தடை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 65 வாட் அடாப்டர் 3.34 ஆம்பியர் வரை கொடுக்கும், சார்ஜ் ஏறுகிற நாளில் 3 ஆம்பியர் போகிறது என்றால் 3 பெருக்கல் 3 பெருக்கல் அரை, நாலரை வாட். பட்டாணி அளவு இடத்தில் நாலரை வாட் சுட்டால் பிளாஸ்டிக் இளகும். இளகினால் இன்னும் தளரும், இன்னும் சுடும். ஒரு நாள் ஊசியும் விலகிப்போகும், அன்றைக்குச் சார்ஜ் ஏறாது. மறுநாள் வேறு கோணத்தில் குத்துவார், ஏறும்.

ரெண்டும் ஒரே பிரச்சினைதானே என்று தம்பி முதல் நாளே கேட்டார். ஒரே பிரச்சினைதான். சூட்டினால் சார்ஜ் நிற்கவில்லை, ஒரே ஓட்டை ஜாக்தான் சூட்டையும் கொடுத்தது, சார்ஜையும் நிறுத்தியது. சளியும் சுளுக்கும் என்று நான் எழுதியதை அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

ஏப்ரல் 12, பின்குறிப்பு

சரிபார்க்க: ஆன் செய்யும்போது பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் அமைப்புத் திரை) போனால் அடாப்டர் எத்தனை வாட் என்று ஒரு வரி இருக்கும். 65 என்று இருந்தால் நல்லது. தெரியவில்லை என்று இருந்தால், அதே மாதிரி அடாப்டர் வைத்திருக்கும் நண்பரிடம் பத்து நிமிஷம் கடன் வாங்கிக் குத்திப் பாருங்கள். அதிலும் தெரியவில்லை என்றால் ஜாக். நண்பருடையது தெரிந்தால் உங்கள் அடாப்டர், அதிலும் பெரும்பாலும் முனைக்குப் பக்கத்தில் மடங்கி மடங்கி உள்ளே அறுந்த வயர். ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை. நாங்கள் 1650க்கு அப்புறம் செய்தோம்.

ஏப்ரல் 17

தம்பியின் மாடலில் ஜாக் மதர்போர்டில் ஈயம் வைத்து ஒட்டியதில்லை, தனி வயரோடு வருகிறது. 350 ரூபாய். மாட்டித் தரும் கூலி 200. வேறொரு கடையில் மாற்றினார்கள், முக்கால் மணி நேரம். பழைய ஜாக்கின் படம் அனுப்பியிருக்கிறார், வாயோரம் பழுப்பாகக் கருகி ஒரு பக்கம் இளகிச் சாய்ந்திருக்கிறது. 8500 சொன்ன கடையில் இதைக் காட்டப் போகிறேன் என்கிறார். வேண்டாம் தம்பி, விடுங்கள்.

பேட்டரி இப்போது 100.

ஏப்ரல் 18

அந்த 100இலேயே வைத்துக்கொண்டு இருக்காதீர்கள் என்று சொல்ல வந்தேன். செல்லுக்கு எதிரி ரெண்டு, சூடும் நிறைந்த வயிறும். ரெண்டும் சேர்ந்தால் சீக்கிரம் கிழடாகும். முழுசாக ஏற்றிய செல் 4.2 வோல்ட்டில் விறைத்துக்கொண்டு நிற்கும், அதை 40 டிகிரி அறையில் நாள் முழுக்க அப்படியே நிறுத்தினால் என்ன ஆகும்? நிறைய லேப்டாப்களில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி பயாஸிலோ கம்பெனி மென்பொருளிலோ இருக்கிறது. எப்போதும் சார்ஜரிலேயே ஓட்டுகிறவர்கள் அதைப் போட்டுவிடுங்கள்.

மே 6

அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாவது நாள். ஈரோட்டில் 40ஐத் தாண்டிக்கொண்டே இருக்கிறது, ஈரோட்டு அண்ணன் தினமும் எங்களுக்கு டிகிரி சொல்லிவிடுகிறார், பேட்டரியை மறந்துவிட்டார். எங்கள் ஹாலுக்கு மேலே சிமென்ட் ஷீட். மதியம் உள்ளே 38. லேப்டாப் குளிர்ச்சியைத் தயாரிப்பதில்லை, அறைக் காற்றை எடுத்துத்தான் ஊதுகிறது. அறை 28இல் 72 காட்டுகிற லேப்டாப் 38இல் 82 பக்கம் போகும். அதனால் மே மாசத்தில் பத்து டிகிரி கூடினால் பேஸ்ட்டைக் கிளறாதீர்கள்.

நான் செய்வது: பவர் அமைப்பில் பிராசஸரின் அதிகபட்ச நிலையை 100லிருந்து 99 ஆக்கிவிடுவேன். ஒரே ஒரு சதவீதம்தான், ஆனால் அது டர்போ என்கிற அதிவேகத்தை அணைத்துவிடும். என்னுடையதில் மதியச் சூடு 12 டிகிரி இறங்கியது. இன்வாய்ஸ் அடிக்கிறவனுக்கு டர்போ எதற்கு? வீடியோ எடிட்டிங் செய்கிறவர்கள் என்னைத் திட்டுவார்கள், அவர்கள் ஏசி போட்டுக்கொள்ளட்டும்.

மே 19

எல்லாருக்கும் பாடம் சொன்ன ஆளுக்கு வந்தது பாருங்கள். ஒரு வாரமாக என் டச்பேடின் இடது கிளிக் அழுத்தவே கடினமாக இருந்தது. பஞ்சு போயிருக்கும் என்று விட்டுவிட்டேன் (எனக்கு எல்லாமே பஞ்சு). நேற்று லேப்டாப்பை மேஜையில் வைத்தால் ஒரு பக்கம் தொட்டில் மாதிரி ஆடுகிறது. திறந்தேன். பேட்டரியின் நடுச் செல் பூரி மாதிரி உப்பியிருக்கிறது.

80இல் நிறுத்துங்கள் என்று ஏப்ரல் 18இல் எழுதியவன் தன் லேப்டாப்பில் அதைப் போடவில்லை. ரெண்டு வருஷம் 100இல், சிமென்ட் ஷீட்டுக்கு அடியில்.

உப்பியதை அமுக்காதீர்கள். சார்ஜ் போடாதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை வெளியே விடலாம் என்று ஒருவர் வீடியோ போட்டிருக்கிறார், அது காற்று இல்லை, உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வந்த வாயு, குத்தினால் தீப்பிடிக்கலாம். சும்மா பயமுறுத்துகிறீர்கள் என்பவர்களுக்கு: 2006இல் டெல் நிறுவனம் சோனி செல்கள் வைத்த 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது, தீப்பிடிக்கும் என்பதுதான் காரணம்.

என்னுடையதை மெதுவாகக் கழற்றி, இரும்பு வாளியில் மணல் போட்டு, அதன் மேல் வைத்து மொட்டை மாடி நிழலில் வைத்திருக்கிறேன். குப்பை வண்டியில் போட முடியாது. 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளர்களே திரும்பச் சேகரிக்க வேண்டும். சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன், திங்கள் கொண்டுவரச் சொன்னார்கள். வீட்டில் கேட்கிறாள், "அதென்ன மாடியில வாளி, வடகமா?"

மே 20

பல்லடம் தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணா, டீ-ஷர்ட் வேண்டாம், உங்க பேட்டரிக்குக் காசு ஆகும்ல."

ஜூன் 2

வாளி காலி. புதுப் பேட்டரி, 80இல் நிறுத்தியாயிற்று, படமெடுத்துப் போட்டிருக்கிறேன், இந்தத் தடவை யாரும் பேச முடியாது.

காங்கயத்திலிருந்து ஒரு கல்லூரித் தம்பி நேற்றுக் கேட்டார், லேப்டாப் ரொம்பச் சூடாகிறது, பேஸ்ட் மாற்றலாமா என்று. நான் இப்போது விவரமான ஆள். பஞ்சுக் கதை சொல்லவில்லை. நிதானமாக ஒரே கேள்வி கேட்டேன்: எந்த இடம் சுடுகிறது?

"தொடைங்கண்ணா."

மெத்தையில் படுத்துக்கொண்டு போர்வை மேல் வைத்துப் படம் பார்க்கிறாராம். அடியில் காற்று இழுக்கிற ஓட்டையைப் போர்வை மூடிக்கொள்கிறது. சோறு சாப்பிடுகிற தட்டைக் கவிழ்த்து அதன் மேல் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.